உப்பு தேவையான அளவு - ஸ்வெட்டருக்கும்!

ஒரு பெரியவர் போடும் அளவில் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்ன எத்தனை கண்ணிகள் போட வேண்டும் தெரியுமா? மார்புச் சுற்றளவு 40 அங்குலம், உயரம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை. பெருக்கிப் பார்த்தால் உடல் பகுதிக்கு மட்டும் 33,600 வருகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கைகளும் தனிக்கணக்கு.

இத்தனை ஆயிரம் முறை ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, இழுத்து எடுக்கிற ஒருவர், பாதி வேலையில் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: "கையை 2 அங்குலம் குட்டையாக வைத்துக்கொள்ளலாமா? பேட்டர்னில் அப்படி இல்லையே..."

பின்னல் வேலை செய்பவர்கள் கூடுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்விதான் இது. அனுமதி கேட்பது யாரிடம்? நூல் அவருடையது, ஊசி அவருடையது, மூன்று மாத உழைப்பு அவருடையது, போட்டுக்கொள்ளப் போகிற கையும் அவருடையது. அச்சடித்த ஒரு தாளுக்கு மட்டும் இத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது?

பேட்டர்னை மாற்றிப் பின்னுவது தவறல்ல என்று சொன்னால் மட்டும் போதாது. மாற்றத் தெரிந்தவர்தான் பின்னத் தெரிந்தவர் என்பதே சரி. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, கொஞ்சம் கடனும் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பேச்சு முழுமையாகும்.

தாள் வந்த கதை

பின்னல் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. அடிப்படையில் இரண்டே அசைவுகள்தான், நிட், பர்ல். இவற்றோடு கூட்டுவது, குறைப்பது, ஒன்றை இன்னொன்றின் மேல் தாண்டவிடுவது, அவ்வளவுதான். எந்த வரிசையில் எதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று எழுதிய குறிப்புக்குப் பெயர்தான் பேட்டர்ன். சிலர் அதைக் கட்டம் போட்டு வரைந்தும் கொடுப்பார்கள். புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு அந்தக் கட்டம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

பின்னல் மிகப் பழைய கலை. அச்சடித்த பேட்டர்ன் அப்படியல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேன் கோகெய்ன் என்பவர் பின்னல் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டது 1840இல். பிரிட்டனில் இப்படிப்பட்ட புத்தகங்கள் பெருகியது அதை ஒட்டிய வருடங்களில்தான். அதற்கு முன்னால் இருநூறு முந்நூறு வருடங்கள் காலுறையும் தொப்பியும் பின்னியவர்கள் எந்தத் தாளைப் பார்த்துப் பின்னினார்கள்? அம்மா பின்னுவதைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி பின்னுவதைப் பார்த்தார்கள், போடுகிற ஆளின் காலைப் பார்த்தார்கள். கால் பெரிதாக இருந்தால் காலுறையும் பெரிதாக வந்தது.

பிறகு கம்பளி நூல் கம்பெனிகள் வந்தன. தங்கள் நூல் விற்க வேண்டும் என்பதற்காகவே அவை பேட்டர்ன் தாள்களை வெளியிட்டன. 'இந்த நூல்தான், இத்தனை பந்துதான், வேறு நூலில் பின்னினால் சரியாக வருமென்று உறுதி சொல்ல முடியாது' என்கிற தொனி அந்தத் தாள்களோடு வந்து சேர்ந்தது. வியாபாரம் என்று பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வியாபாரத்துக்காக எழுதிய ஒரு வரி நாளடைவில் கலையின் சட்டமாகவே மாறிப்போனதுதான் வேடிக்கை.

சமையல் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் தமிழ்ச் சமையல் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: 'உப்பு தேவையான அளவு.' எழுதியவர் அந்த இடத்தில் கரண்டியைச் சமைப்பவர் கையில் கொடுத்துவிடுகிறார். சாப்பிடப் போகிறவர் நாக்கு எழுதியவருக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிற நேர்மை அது. போட்டுக்கொள்ளப் போகிறவர் உடம்பும் பேட்டர்ன் எழுதியவருக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலான பேட்டர்ன்களில் அந்த ஒரு வரியைக் காணோம்.

சதவீதக் கணக்கு சொல்லிக்கொடுத்த அம்மையார்

இந்த வரியைப் பின்னலுக்குள் கொண்டுவந்தவர் என்று எலிசபெத் ஜிம்மர்மனைச் சொல்லலாம். 1910இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1937இல் ஜெர்மானியக் கணவரோடு அமெரிக்காவுக்குக் குடியேறி, பிற்பாடு விஸ்கான்சினில் வாழ்ந்தவர். 1999இல் காலமானார்.

1950களில் அவர் வட்டமாகப் பின்னும் ஒரு ஸ்வெட்டரை வடிவமைத்து ஒரு மகளிர் பத்திரிகைக்குக் கொடுத்தார். வட்டமாகப் பின்னினால் ஆடை குழாய் போல ஒரே துண்டாக வரும், தையல் வேலை மிச்சம். ஆனால் பத்திரிகையில் வந்ததோ வேறு. முன்துண்டு, பின்துண்டு என்று தட்டையாகப் பின்னித் தைக்கும்படி குறிப்புகளை மாற்றிவிட்டிருந்தார்கள். வாசகர்களுக்கு அதுதான் பழக்கம் என்பது அவர்கள் நினைப்பு. ஜிம்மர்மன் என்ன செய்தார்? 1958இல் தானே ஒரு செய்தி மடல் தொடங்கினார். தன் வழியைத் தன் வார்த்தையிலேயே சொன்னார்.

'அப்படியானால் அவரும் தன் பேட்டர்னை மாற்றக்கூடாது என்று கோபப்பட்டவர்தானே?' என்று யாராவது மடக்கலாம். நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர் பெயரைப் போட்டுக்கொண்டு, அவர் சொல்லாததை அவர் சொன்னதாக அச்சடிப்பது ஒன்று. அவர் சொன்னதை வாங்கிப் படித்துவிட்டுத் தன் வீட்டில் தன் விருப்பப்படி பின்னிக்கொள்வது இன்னொன்று. முதலாவதை அவர் ஏற்கவில்லை. இரண்டாவதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்.

1971இல் வந்த அவருடைய 'நிட்டிங் விதவுட் டியர்ஸ்' புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது சதவீதக் கணக்கு. முதலில் பிடித்த நூலில், பிடித்த ஊசியில் ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். அதில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். அதை உடம்பின் சுற்றளவால் பெருக்க வேண்டும். வருகிற எண்தான் 100 சதவீதம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், மேல்கைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அக்குளுக்கு 8 சதவீதம், கழுத்துக்கு 40 சதவீதம்.

அங்குலத்துக்கு 5 கண்ணி, சுற்றளவு 40 அங்குலம் என்றால் உடம்புக்கு 200. மணிக்கட்டு 40, மேல்கை 66 அல்லது 67, அக்குள் 16, கழுத்து 80. முடிந்தது! எட்டாம் வகுப்புக் கணக்கு. இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டு எந்த நூலிலும், எந்த ஊசியிலும், ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஸ்வெட்டர் பின்னலாம். மேல்கை பருத்தவருக்கு 33ஐ 37 ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அவர் வாயில் அடிக்கடி வந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அழகான ஓர் எண்ணம் இருக்கிறது. தான் எதையும் 'கண்டுபிடித்ததாக' அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆயிரம் ஆண்டுகளாக இத்தனை கைகள் பின்னிக்கொண்டிருக்கும்போது, இதை எங்கேயோ யாரோ முன்பே செய்திருப்பார்கள், தனக்கு இப்போதுதான் அகப்பட்டது என்பார். அதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'அன்வென்ட்' என்று ஒரு சொல்லையே உருவாக்கிக்கொண்டார். (சொல்லை மட்டும் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது!)

'முதலில் கற்றுக்கொள், பிறகு மாற்று'

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது இதுதான். கற்றுக்குட்டிகள் எதையாவது மாற்றப்போய், ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாக வந்து, கம்பளி நூலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கொஞ்ச காலம் சொன்னதைச் செய்யட்டும் என்பது வாதம்.

இதில் பாதி உண்மை. மாற்றுவதற்கு எல்லைகள் உண்டு, அவற்றைப் போடுவது நூலும் கணக்கும். மேலே சொன்ன 200 கண்ணி ஸ்வெட்டரில், அங்குலத்துக்கு 5க்குப் பதில் ஐந்தரை கண்ணி விழுந்தால் சுற்றளவு 40லிருந்து 36 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அரைக் கண்ணிதான், கிட்டத்தட்ட 4 அங்குலம் போயிற்று. கம்பளிக்குப் பதில் பருத்தி நூல் எடுத்தால் கம்பளியின் இழுத்து மீளும் குணம் அதில் கிடையாது, எடையும் அதிகம், போடப் போட ஆடை தொங்கும். 7 கண்ணிக்கு ஒரு முறை திரும்பி வரும் ஜாலி வேலைப்பாட்டில் 4 கண்ணி கூட்டினால் வேலைப்பாடு உடையும், 7 கூட்டினால் ஒன்றும் ஆகாது.

ஆனால் மீதிப் பாதியைக் கவனியுங்கள். இந்தச் சங்கதிகளில் எதையாவது சொன்னதைச் சொன்னபடி செய்வதால் கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது. 'இங்கே 7 கூட்டு' என்று எழுதியிருந்தால் கூட்டிவிட்டுப் போகலாம். ஏன் 7 என்று தெரிய வேண்டுமானால் ஒருமுறையாவது 4 கூட்டிப் பார்க்க வேண்டும், அல்லது யாராவது காரணத்தைச் சொல்ல வேண்டும். பத்து ஸ்வெட்டரை அப்படியே நகல் எடுத்தவர் பதினொன்றாவதிலும் கற்றுக்குட்டியாகவே நிற்பதுண்டு. அது அவர் தவறல்ல. அவருக்குக் காரணமே சொல்லாமல் கட்டளை மட்டும் கொடுத்த தாளின் தவறு.

அதோடு பின்னலில் ஒரு வசதி இருக்கிறது. துணியை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். பின்னல் அப்படியல்ல. நூலை இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து பழைய பந்தாகிவிடும். நஷ்டம் நேரம் மட்டுமே. இத்தனை மன்னிக்கிற கலையில் பயத்தைச் சொல்லிக்கொடுப்பது பெரிய அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. பேட்டர்னில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று எண் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மனித உடம்பு மூன்று ரகமா என்ன? மார்பு பெரிதாகத் தோள் குறுகலாக இருப்பவர்கள், ஒரு கை மடக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பதால் முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் தேவைப்படுபவர்கள் எல்லாம் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறார்கள். பின்பக்கத்தில் மட்டும் சில பாதி வரிசைகள் கூடுதலாகப் பின்னினால் போதும், நாற்காலியில் இருப்பவருக்கு முதுகு மூடும். கடையில் வாங்கும் ஆடை செய்ய முடியாததைக் கையால் பின்னும் ஆடை செய்யும். அந்த ஒரே பெரிய லாபத்தையும் 'பேட்டர்னில் இல்லை' என்று விட்டுவிட்டால், கையால் பின்னுவதன் பயன்தான் என்ன?

எழுதியவர் வயிறு

இரண்டாவது வாதம் கனமானது. பேட்டர்ன் எழுதுபவர்களும் உழைப்பாளிகளே. ஒரு டிசைனைப் பல அளவுகளுக்குக் கணக்குப் போட்டு, பின்னிப் பார்த்து, மற்றவர்களைப் பின்னவைத்துச் சரிபார்த்து, சில டாலருக்கு விற்கிறார்கள். ஆளாளுக்கு அதில் நாலு வரி மாற்றி 'என் டிசைன்' என்று போட்டுக்கொண்டால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பேட்டர்னின் எழுத்துக்கும், வரைபடத்துக்கும், படத்துக்கும் காப்புரிமை உண்டு. ஆனால் ஒரு செய்முறைக்குக் காப்புரிமை கிடையாது, அதை விளக்கிய எழுத்துக்கு மட்டுமே என்று அங்கத்திய உச்ச நீதிமன்றம் 1879இலேயே சொல்லிவிட்டது. (வழக்கு கணக்குப் பதிவேடு பற்றியது, பின்னல் பற்றியது அல்ல.) ஆடை என்பது பயன்படும் பொருள் என்பதால் அதன் வெட்டுக்கும் வடிவத்துக்கும் பாதுகாப்பு இல்லை. ஆடையிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக்கூடிய ஓவியம் போன்ற அலங்காரத்துக்குக் கிடைக்கலாம் என்று 2017இல் வந்த தீர்ப்பு. ஆக, தாளை நகல் எடுத்துப் பரப்புவது தப்பு. கழுத்தை மாற்றிப் பின்னுவது தப்பில்லை.

ஆனால் சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. ஜிம்மர்மனின் 1974ஆம் வருடப் புத்தகம் 'நிட்டர்ஸ் அல்மனாக்'. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அத்தியாயம். பிப்ரவரி அத்தியாயத்தில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் வருகிறது. 2008இல் பமீலா வின் என்ற டிசைனர் அதே ஸ்வெட்டரைப் பெரிய பெண்கள் போடும் கார்டிகனாக மாற்றினார். குழந்தை உடம்பும் பெரியவர் உடம்பும் ஒன்றல்ல என்பதால் வெறுமனே பெருக்கினால் வராது, புதிதாகக் கணக்குப் போட வேண்டும். போட்டார். பெயரிலேயே பிப்ரவரியை வைத்து, மூலம் யாருடையது என்று சொல்லி, இலவசமாகவும் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்னினார்கள். அவர்களில் பலர் கையை நீட்டினார்கள், நூலை மாற்றினார்கள், பொத்தானைக் கூட்டினார்கள், செய்த மாற்றத்தைக் குறித்தும் வைத்தார்கள். இதனால் ஜிம்மர்மனுக்கு என்ன நஷ்டம்? அவர் மறைந்து ஒன்பது வருடம் கழித்து ஒரு புதிய தலைமுறை அவர் புத்தகத்தைத் தேடிப் போனதுதான் மிச்சம்.

2020இல் இன்னொன்று நடந்தது. பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் போட்டிருந்த வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு கார்டிகனைப் பார்த்து ரசிகர்கள் தாங்களாகவே பின்ன ஆரம்பித்தார்கள். கடையில் அதன் விலை ஆயிரம் பவுண்டுக்கும் மேல். வடிவமைத்த ஜே.டபிள்யூ. ஆண்டர்சன் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. பேட்டர்னை இலவசமாக வெளியிட்டது! அதே வருடம் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்தக் கார்டிகனைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆயிரம் நகல் வந்ததால் மூலத்தின் மதிப்பு கூடியதே தவிர, குறையவில்லை. பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகும், சிறிய டிசைனர்களுக்கு ஆகாது என்பதும் உண்மைதான். அதனால்தான் அவர்கள் பேட்டர்னைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

யாருடைய ஸ்வெட்டர்?

மூன்றாவது வாதம்தான் கடினமானது. கனடாவின் வான்கூவர் தீவில் கொவிச்சன் பழங்குடியினர் பின்னும் ஸ்வெட்டர்கள் பெயர் பெற்றவை. தடித்த கையால் நூற்ற கம்பளி, சாயமேற்றாத இயற்கை நிறம், பெரிய உருவங்கள். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்குக்காக ஹட்சன்ஸ் பே நிறுவனம் அந்தச் சாயலில் ஒரு ஸ்வெட்டரை அறிமுகப்படுத்தியபோது அவர்கள் கொதித்துப்போனார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அசல் கொவிச்சன் ஸ்வெட்டர்களையும் அந்த நிறுவனத்தின் வான்கூவர் கடையில் விற்க ஏற்பாடு ஆனது.

'அப்படியானால் மாற்றிப் பின்னுவது திருட்டுதானே?' என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். கொவிச்சன் மக்களுக்குக் கம்பளி நூற்பதும் நெய்வதும் பழைய கலை. ஊசியால் பின்னுவது 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஐரோப்பியர்களிடமிருந்து வந்தது. வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல், தங்கள் நூலில், தங்கள் உருவங்களைப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்த ஸ்வெட்டரே ஒரு மாற்றத்தின் குழந்தை! ஆகவே சண்டை மாற்றத்தைப் பற்றியது அல்ல. பெயரும் பணமும் யாருக்குப் போகின்றன என்பதைப் பற்றியது. வீட்டில் ஒருவர் அந்தச் சாயலில் தனக்கென ஒன்று பின்னிக்கொள்வதால் யார் அடுப்பும் அணைவதில்லை. ஒரு கம்பெனி ஆயிரக்கணக்கில் இயந்திரத்தில் போட்டு அந்தச் சாயலை விற்றால் அணையும். எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது.

தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு பெண்மணி

கடைசியாக ஒரு கதை. 'டாக்டர் ஹூ' தொடரில் 1974 முதல் டாம் பேக்கர் கழுத்தில் தொங்கிய அந்த முடிவே இல்லாத ஸ்கார்ஃப் பலருக்குத் தெரிந்திருக்கும். உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் பல நிறங்களில் நிறைய நூல் வாங்கி, பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தாராம். வேண்டிய நிறங்களை எடுத்துப் பின்னட்டும் என்பது அவர் எண்ணம். அந்த அம்மையாரோ கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார்! தரையைத் தொட்டும் மிஞ்சுகிற ஒரு ஸ்கார்ஃப் வந்து நின்றது. பேக்கருக்குப் பிடித்துப்போனது. இன்றுவரை அந்தக் கதாபாத்திரம் என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். குறிப்புக்குள் அடங்கியிருந்தால் அது இன்னொரு சாதாரணக் கழுத்துத்துணி, அவ்வளவே :-)

இதெல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன? பேட்டர்ன் எழுதுபவர்கள் கட்டளையோடு காரணத்தையும் இரண்டு வரி எழுதட்டும். எதை மாற்றினால் எது கெடும், எதை மாற்றினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லட்டும். பின்னுபவர்கள் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னட்டும், பிறகு தைரியமாக மாற்றட்டும், மாற்றியதைக் குறித்துவைக்கட்டும், வழி காட்டியவர் பெயரைச் சொல்லட்டும். அடுத்தவர் பிழைப்பில் மட்டும் கைவைக்காமல் இருக்கட்டும்.

கையை 2 அங்குலம் குட்டையாக்கலாமா என்று கேட்டவருக்கு ஒரே பதில்தான். தாளை மூடிவைத்துவிட்டுப் பாதி பின்னிய ஸ்வெட்டரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மணிக்கட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பின்னுகிற ஒவ்வொருவரும் தன் உடம்பைத் தானே அளந்து, தன் கணக்கைத் தானே போட்டு, தப்பானால் தானே அவிழ்த்துப் பின்னத் தெரிந்துகொண்டால், 33,600 கண்ணிகளும் உண்மையாகவே அவருடையவை ஆகும். இல்லையென்றால் அவை வேறு யாரோ சொல்லச் சொல்ல எழுதிய இம்போசிஷன்தான்.